சூரிய மின்கலம் தட்டையாகத்தான் இருக்க வேண்டுமா?

1954இல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று சிலிக்கான் கலத்தின் ஆய்வகச் சாதனை 27 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. இடைப்பட்ட 70 ஆண்டுகளில் பொருளின் தூய்மை மாறியது, மின்முனைகள் மாறின, விலை அடியோடு மாறியது. மாடியேறிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் அதே தட்டைப் பலகைதான்.

சூரியனோ காலையிலிருந்து மாலைவரை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மேகமூட்டமான நாளில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் சிதறி வருகிறது. அப்படியிருக்க, ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும் பலகை எப்படிச் சரியான வடிவமாகும் என்ற கேள்வி இயல்பானது. உருண்டை, குழாய், கோபுரம், மரம், ஊசிக்காடு, மடிப்பு, அரைக்கோளம் என்று அரை நூற்றாண்டாக மாற்று வடிவங்கள் முன்வைக்கப்பட்டு வருகின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு பெரிய எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறது: 'இரண்டு மடங்கு', '20 மடங்கு', '66 சதவீதம் கூடுதல்'. இவற்றில் சில இன்று கோடிக்கணக்கான பேனல்களுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. சில, ஆலை கட்டித் திவாலாயின. பல, ஆய்விதழோடு நின்றன. எந்த வடிவம் எந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம் தீர்மானித்திருப்பதாகத் தோன்றுகிறது: அந்தப் பெரிய எண்ணை எதனால் வகுத்தார்கள் என்பது. கலத்தின் பரப்பாலா, தரையின் பரப்பாலா, பொருளின் எடையாலா, செலவான பணத்தாலா?

நிழலின் கணக்கு

ஒரு பொருளின் மேற்பரப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நேரடி வெயிலில் அது பிடிக்கக்கூடிய அளவை அதன் நிழல்தான் முடிவு செய்கிறது. சூரியக் கதிருக்குச் செங்குத்தாக ஒரு திரையைப் பிடித்தால் அதில் விழும் நிழலின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு ஒளியைத்தான் அந்தப் பொருள் மறித்திருக்கிறது. உருண்டையின் மேற்பரப்பு அதன் நிழலைப் போல் நான்கு மடங்கு. குழாய்க்கு இந்த விகிதம் மூன்றே சொச்சம். தட்டைப் பலகை சூரியனை நேராகப் பார்க்கும்போது ஒன்றுக்கு ஒன்று. கலத்தின் பரப்பு விலையுயர்ந்த சரக்காக இருக்கும் வரை தட்டையை வெல்வது கடினம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் ஒரு மீட்டர். மேல்தளத்திலும் நான்கு பக்கச் சுவர்களிலுமாக 5 சதுர மீட்டர் கலம் ஒட்டியிருக்கிறது. சூரியன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில், ஒரு சுவருக்கு நேர் எதிரே நிற்கிறது. மேல்தளம் அரை சதுர மீட்டர் அளவுக்கும், எதிர்ச்சுவர் 0.87 சதுர மீட்டர் அளவுக்கும் ஒளியைப் பிடிக்கும், மொத்தம் 1.37. அதே இடத்தில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு சதுர மீட்டர் பலகை 0.5 மட்டுமே பிடிக்கும். ஆகவே 'கனசதுரம் 2.7 மடங்கு தருகிறது' என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் கலத்தின் பரப்பால் வகுத்தால் கனசதுரத்துக்கு 0.27, படுத்த பலகைக்கு 0.5. அந்தப் பலகையைச் சற்று நிமிர்த்திச் சூரியனைப் பார்க்க வைத்தால் அதற்கு 1. ஒரே சூழல், ஒரே நேரம். வெற்றி தோல்வி மட்டும் வகுக்கும் எண்ணோடு புரண்டுவிடுகிறது.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரே வகைப் பொருளாலான, மின்னூட்டங்களைப் பிரிக்கும் சந்தி ஒன்றே உள்ள கலம் சாதாரண வெயிலில் எட்டக்கூடிய உச்சத்தை 1961இல் ஷாக்லியும் குவைசரும் கணக்கிட்டார்கள். இன்றைய நிறமாலைக் கணக்கின்படி அது ஏறத்தாழ 33.7 சதவீதம். சிலிக்கானுக்கே உரிய இழப்புகளையும் சேர்த்தால் 29.4 சதவீதம் என்று 2013இல் திருத்தப்பட்டது. வெறும் வடிவ மாற்றம் இந்த உச்சவரம்பை உயர்த்திவிடாது. அதை நெருங்கும் வழியைத்தான் வடிவம் எளிதாக்க முடியும்.

தோலில் செதுக்கிய பிரமிடுகள்

வடிவ மாற்றங்களில் மறுக்க முடியாத வெற்றி கண்ணுக்குத் தெரியாத அளவில் நடந்தது. மெருகேற்றிய சிலிக்கான் ஒரு கண்ணாடி மாதிரி. தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் சிலிக்கான் படிகத்தைக் காரக் கரைசலில் முக்கினால் அது எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட தளங்கள் மெதுவாகவே கரையும். அதனால் மேற்பரப்பு முழுக்கச் சில மைக்ரான் உயரமுள்ள பிரமிடுகள் தாமாகவே முளைக்கின்றன. ஒவ்வொன்றின் சரிவும் 54.7 டிகிரி. ஒரு முகத்தில் பட்டுத் தெறிக்கும் கதிர் மேலே தப்பிப் போகாமல் பக்கத்துப் பிரமிடின் முகத்தில் மோதுகிறது; உள்ளே நுழைய அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. பிரதிபலிப்பு சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கும். அதன்மேல் சிலிக்கான் நைட்ரைடு பூச்சும் சேர்ந்தால் சில சதவீதம்தான் மிஞ்சும்.

1974இல் அமெரிக்காவின் காம்சாட் ஆய்வகம் விண்கலங்களுக்காக இப்படிச் செய்த கலம் கறுப்பாகத் தெரிந்ததால் 'கறுப்புக் கலம்' என்றே பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனின் குழு பிரமிடைத் தலைகீழாக்கி, ஒழுங்கான குழிகளாகச் செதுக்கியது. 1990களின் இறுதியில் அக்கலம் எட்டிய 24.7 சதவீதம், பின்னர் அளவுகோல் நிறமாலை திருத்தப்பட்டபோது 25 என்று பதிவானது. நெடுங்காலம் அதுவே சிலிக்கானின் உச்சமாக இருந்தது. அந்தக் கலத்தில் பின்புறக் காப்பும் மின்முனை அமைப்பும் சேர்ந்தே உழைத்தன. முழுப் பெருமையையும் குழிகளுக்கே கொடுத்துவிட முடியாது.

பிரமிடின் பெரிய உதவி பிரதிபலிப்பைக் குறைப்பதோடு முடிவதில்லை. சாய்ந்து நுழையும் ஒளி கலத்துக்குள் நீண்ட தூரம் பயணிக்கிறது. அடியில் மோதி, மேலே வந்து, மறுபடி உள்ளேயே திரும்புகிறது. எலி யாப்லோனோவிச் 1982இல் இதற்கு ஒரு வரம்பு கண்டார்: ஒளி கண்டபடி சிதறும் பரப்பு ஒன்றில், பாதை நீளம் அதிகபட்சம் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தைப் போல் நான்கு மடங்கு வரை பெருகலாம். சிலிக்கானுக்கு இது ஏறக்குறைய 50. அகச்சிவப்பை எளிதில் உறிஞ்சாத சிலிக்கானை 150 மைக்ரானுக்கும் மெல்லிதாக அறுத்துப் பயன்படுத்த முடிகிறதென்றால், இந்தப் பெருக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு. மெலிவு என்றால் பொருள் மிச்சம். பொருள் மிச்சம் என்றால் விலைக் குறைவு. 2010இல் ஸ்டான்ஃபோர்டில் ஷான்ஹுய் ஃபேனின் குழு, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய கட்டமைப்புகளில் இந்த வரம்பையும் தாண்டலாம் என்று கோட்பாட்டளவில் காட்டியது. விலை குறைவாக, பெரிய பரப்பில் அதைச் செய்வதற்கான வழி இன்னும் தெளிவாகவில்லை.

இந்த வெற்றிக்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். பிரமிடு கலத்தின் புற அளவை மாற்றவில்லை; எனவே எதனால் வகுத்தாலும் ஆதாயம் ஆதாயமாகவே இருந்தது. அடுத்தது, தொட்டியில் முக்கி எடுக்கும் வேலை எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகும். இந்த இரண்டாவது காரணத்தை ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை.

ஊசிக்காடு

பிரமிடு நல்லதென்றால் அதைவிடக் கூரானது இன்னும் நல்லதல்லவா? இந்தக் கேள்வியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன.

ஒன்று, கறுப்புச் சிலிக்கான். மேற்பரப்பை நானோ அளவு ஊசிகளாக அரித்துவிட்டால் ஒளி திரும்பவே வழியில்லை, பூச்சும் தேவைப்படாது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒளி பிரித்தெடுத்த மின்னூட்டங்கள் மேற்பரப்பின் குறைகளில் சிக்கி மறுஇணைவில் அழிகின்றன. மேற்பரப்பு கூடக்கூட அழிவும் கூடும். சாதாரணப் பிரமிடே பரப்பை 1.7 மடங்காக்குகிறது, ஊசிக்காடு அதைவிடப் பல மடங்கு. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2012இல் 18.2 சதவீதத்தை எட்டியது. 2015இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு ஊசிகளின்மேல் அலுமினியம் ஆக்சைடை அணு அடுக்கு அடுக்காகப் படிய வைத்து, மின்முனைகளையெல்லாம் பின்பக்கம் நகர்த்தி, 22.1 சதவீதம் காட்டியது. வடிவம் உண்டாக்கிய நோய்க்கு வேதியியல் மருந்து கண்டது என்று இதைச் சொல்லலாம்.

மற்றது, கம்பிக் கலம். 2005இல் கால்டெக்கின் கேயஸ், அட்வாட்டர், லூயிஸ் ஆகியோர் ஒரு நுட்பமான யோசனையை முன்வைத்தார்கள். தட்டைக் கலத்தில் ஒளி உறிஞ்சப்படும் திசையும் மின்னூட்டம் பயணிக்கும் திசையும் ஒன்றே. ஒளிக்காகத் தடிப்பாக்கினால் மின்னூட்டம் வழியில் சாகிறது. மின்னூட்டத்துக்காக மெலிதாக்கினால் ஒளி தப்புகிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பியில், ஒளி நீளவாட்டில் உறிஞ்சப்படலாம், மின்னூட்டம் குறுக்குவாட்டில் ஒரு மைக்ரான் நடந்தே சந்தியை அடையலாம். தூய்மை குறைந்த மலிவான சிலிக்கானுக்கு இது வரம். 2010இல் அதே நிறுவனம் வெளியிட்ட அளவீட்டில், மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தை அடைத்த சிலிக்கான் கம்பிகள் உச்சத்தில் 96 சதவீத ஒளியை உறிஞ்சின. 2013இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு, இண்டியம் பாஸ்பைடு நானோகம்பிகளால் 13.8 சதவீதம் எட்டியது. பரப்பில் 12 சதவீதமே நிரப்பியிருந்த அக்கம்பிகள் தட்டைக் கலம் தரும் மின்னோட்டத்தில் 83 சதவீதத்தைத் தந்தன.

அதே 2013இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனமும் லொசானின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒற்றை காலியம் ஆர்சனைடு கம்பியில் 40 சதவீதம் என்ற தோற்றச் செயல்திறனை அறிவித்தன. ஷாக்லி-குவைசர் எல்லை உடைந்ததா? உடையவில்லை. கம்பி, ஒளியின் அலைத்தன்மையால் தன் குறுக்களவைவிடப் பெரிய பரப்பிலிருந்து ஒளியை உறிஞ்சுகிறது. மின்சாரத்தைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தார்கள், அதனால் 40. அது ஒளி சேகரித்த பரப்பால் வகுத்தால் எண் கீழே வரும். கட்டுரையில் இது வெளிப்படையாகவே இருந்தது. செய்தித் தலைப்புகளுக்கு வரும்போதுதான் காணாமல் போனது.

கம்பிக்கு நிரந்தரமான எதிர்ச்செலவு மின்னழுத்தத்தில் இருக்கிறது. சந்தியின் பரப்பு பத்து மடங்கானால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் இழக்க நேரும். 0.7 வோல்ட் தரும் கலத்துக்கு இது சிறிய தொகையல்ல. இதற்கிடையே தூய சிலிக்கானின் விலையும் விழுந்துவிட்டது. மலிவான அழுக்குச் சிலிக்கானைக் காப்பாற்றும் தேவையே மங்கிப்போனது.

உருண்டையும் குழாயும்

வணிகத்தில் இறங்கிப் பார்த்த வடிவங்கள் இவை இரண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1970களிலேயே சிறு சிலிக்கான் உருண்டைகளை வைத்துச் சூரிய ஆற்றல் அமைப்பு உருவாக்கும் முயற்சி நடந்தது. ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கண்டுபிடித்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜாக் கில்பி அதில் பங்கேற்றவர். படிகக் கட்டியை வாளால் அறுக்கும்போது பாதிச் சிலிக்கான் தூளாகப் போன காலம் அது. உருக்கிய சிலிக்கானைத் துளிகளாக உருட்டினால் அறுப்பு வேலையே இல்லை என்பது உருண்டையின் முதல் நியாயம். வெயிலைப் பல கோணத்தில் பிடிப்பது பிறகு சேர்ந்த நியாயம். அந்தத் தொழில்நுட்பம் கனடாவின் ஏடிஎஸ் நிறுவனத்திடம் சென்று, ஒன்டாரியோ மாகாணத்தில் ஆலையாக எழுந்து, பெருமளவு உற்பத்திக்கு வராமலே நின்றது. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த கியோசெமி நிறுவனம், ஜோசுகே நகாட்டாவின் வழிகாட்டலில், ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளைக் கண்ணாடியிலும் துணியிலும் பதித்துக் காட்டியது. பார்க்க அழகு, ஊடுருவிப் பார்க்கக்கூடிய சாளரம் வேண்டுவோருக்கு இன்றும் பொருந்தும்.

கணக்கு அவ்வளவு அழகாக இல்லை. ஒரு மில்லிமீட்டர் உருண்டையின் கன அளவை அதன் நிழலால் வகுத்தால், 0.67 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டுக்குச் சமமான சிலிக்கான் செலவாகியிருப்பது தெரியும். கட்டியிலிருந்து அறுத்தெடுக்கும் இன்றைய தகடோ (வேஃபர்) அதில் கால் பங்குக்கும் குறைவு. அறுக்கும் கம்பிகளும் வைரத் தூள் பதித்த மெல்லிழைகளாகிவிட்டதால் சேதமும் பெரிதும் குறைந்துவிட்டது. உருண்டை எந்த நோய்க்கு மருந்தாக வந்ததோ, அந்த நோயே அடங்கிவிட்டது.

குழாயின் கதையை உலகமே அறியும். 2005இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சொலிண்ட்ரா, தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த மெல்லிய படலத்தைக் கண்ணாடிக் குழாயின் மேல் படிய வைத்து, அதை இன்னொரு குழாய்க்குள் அடைத்தது. அதன் வடிவமைப்பைக் கேலி செய்வது எளிது. அதில் இருந்த சிந்தனையைக் கவனிப்பது நியாயம். தொடரிணைப்பில் உள்ள கலங்களில் மிகக் குறைந்த வெளிச்சம் பெறுவதுதான் மொத்த மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும். வளைந்த பரப்புகளுக்கு இதுவே முதல் எமன். சொலிண்ட்ரா கலங்களைக் குழாயைச் சுற்றிய வளையங்களாகப் பிரித்ததால், சூரியன் எந்தப் பக்கம் நின்றாலும் எல்லா வளையங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு கிடைத்தது. குழாய்களுக்கிடையே இடைவெளி விட்டு, அதன் வழியாக விழும் ஒளியை வெள்ளை பூசிய கூரை கீழிருந்து திருப்பித் தந்தது. காற்று இடையே புகுந்து போனதால் கூரையில் துளையிட்டுப் பிணைக்க வேண்டியதில்லை என்பதும் அவர்கள் வாதம்.

2009இல் அமெரிக்க அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2011 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2008இல் கிலோ 400 டாலரைத் தாண்டியிருந்த, சிலிக்கான் பேனல்களின் மூலப்பொருளான பாலிசிலிக்கான், 2011 இறுதியில் 30 டாலர் அளவுக்கு வந்திருந்தது. சிலிக்கான் விலை வானத்தில் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுந்த ஆலை, அது தரைக்கு வந்ததும் தாங்கவில்லை. இதிலிருந்து 'குழாய் வடிவம் தவறு' என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த ஆண்டுகளில் தட்டைப் பேனல் செய்த பல நிறுவனங்களும் மூடப்பட்டன. ஆனாலும், நிழலைப் போல் மூன்று மடங்கு பரப்பில் படலம் பூசி, இரட்டைக் குழாயும் அடைப்பும் சேர்த்துச் செய்யும் பொருள், விலைப் போட்டியில் முதலிலேயே பின்தங்கி நின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கோபுரமும் மரமும்

2010இல் எம்ஐடியின் ஜெஃப்ரி கிராஸ்மன் குழு, மரபணு முறைத் தேடலைக் கணிப்பொறியில் ஓடவிட்டு, ஒரு நாள் முழுவதும் அதிக ஆற்றல் தரும் முப்பரிமாண வடிவங்களைத் தேடியது. 2012இல் அதே குழு கனசதுரம், உயர்ந்த கோபுரம், மடிப்புக் கோபுரம் ஆகியவற்றைச் செய்து வெயிலில் வைத்து அளந்தது. ஒரே அடிமனைப் பரப்புள்ள படுத்த பலகையோடு ஒப்பிட்டால் 2 முதல் 20 மடங்கு வரை ஆற்றல் கிடைத்தது என்றது கட்டுரை. காலை, மாலை வேளைகளிலும் குளிர்காலத்திலும் பூமத்தியரேகையிலிருந்து விலகிய இடங்களிலும் ஆதாயம் அதிகம்.

மேலே பார்த்த கனசதுரக் கணக்கின் விரிவுதான் இது. வகுக்கும் எண் அடிமனைப் பரப்பு. தென்னந்தோப்பில் ஒற்றை மரம் எவ்வளவு வெயில் குடிக்கிறது என்று அளந்து, அதை அடிமரத்தின் குறுக்குப் பரப்பால் வகுத்து, ஒரு ஏக்கருக்குப் பெருக்கினால் வரும் விடை எப்படியிருக்கும்? கோபுரம் கூடுதலாகப் பிடிக்கும் ஒளி, பக்கத்து மனையில் விழ வேண்டிய ஒளி. 30 டிகிரிச் சூரியனில் ஒரு மீட்டர் உயரக் கனசதுரம் பின்னால் 1.7 மீட்டர் நீளத்துக்கு நிழல் விடுகிறது. அடுத்த கோபுரத்தை அங்கே வைக்க முடியாது. பெரிய வயல்வெளியில் கோபுரங்களை நெருக்கி நட்டால் 20 மடங்கு கரைந்துவிடும். அந்த வயலின் மேல் விழும் வெயில்தான் மொத்தத்தின் எல்லை.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது. அங்கே நட்ட கோபுரம் பக்கத்து வரிசையிலிருந்துதான் திருடும். அதோடு நம் ஊர்ச் சூரியனும் கோபுரத்துக்கு நண்பனல்ல. சென்னையில் டிசம்பர் நடுப்பகலில்கூட அது 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆண்டுக்கு இருமுறை உச்சந்தலைக்கே வருகிறது. பெர்லினில் அதே டிசம்பர் நடுப்பகலில் 14 டிகிரிதான். உயரமான சூரியனுக்குச் சுவர்கள் வீண்.

அப்படியென்றால் கோபுரத்துக்கு இடமே இல்லையா? உண்டு. சுற்றிலும் யாரும் இல்லாத இடம், அடிமனை மட்டும் குறுகலாகக் கிடைக்கும் இடம்: மின்வண்டி சார்ஜ் செய்யும் கம்பம், செல்போன் கோபுரம், நகரத்துச் சிறு மொட்டைமாடி. அங்கே வகுக்கும் எண் உண்மையிலேயே அடிமனைதான். கலம் மலிவாகிக்கொண்டே போனால், ஐந்து மடங்கு கலம் செலவழிப்பது பொருட்டாகாது என்ற கிராஸ்மன் குழுவின் வாதமும், அது எழுதப்பட்ட 2012ஐவிட இன்று வலுவாகவே தோன்றுகிறது.

மரத்தைப் பற்றி ஒரு குறிப்பு போதும். 2011இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் கிளைகளின் ஃபிபனாச்சி ஒழுங்கில் சிறு கலங்களை அடுக்கி, தட்டை அடுக்கைவிட அதிகம் கிடைத்தது என்று அறிவித்து விருதும் பெற்றார். அளக்கப்பட்டது மின்னழுத்தம், சுமையோடு இணைத்து அளந்த மின்திறன் அல்ல. மின்னழுத்தம் மங்கிய ஒளியிலும் அதிகம் குறைவதில்லை. பள்ளி மாணவரின் ஆர்வத்தில் குறை காண ஒன்றுமில்லை. சரிபார்க்காமல் உலகம் முழுக்கப் பரப்பிய ஊடகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மடிப்பு, சுருக்கம், அரைக்கோளம்

கரிமச் சேர்மங்களாலான கலங்களுக்கு வடிவம் இன்னும் கூர்மையான தேவை. அவற்றின் உறிஞ்சு படலம் பொதுவாக 100 நானோமீட்டர் அளவுதான். தடித்தால் மின்னூட்டம் வெளியே வராது, மெலிந்தால் ஒளி தங்காது. கம்பிக் கலத்தில் பார்த்த அதே இழுபறி. 2007இல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஓலே இங்கனாஸ் குழு, இரண்டு பாலிமர் கலங்களை 'வி' வடிவில் எதிரெதிரே மடித்து வைத்தது. ஒன்று பிரதிபலித்தது மற்றதற்குப் போனது, செயல்திறன் இரட்டிப்பானது. 2012இல் பிரின்ஸ்டனின் யூ-லின் லூ குழு, பரப்பில் சுருக்கங்களையும் ஆழமான மடிப்புகளையும் உண்டாக்கி 47 சதவீதக் கூடுதல் கண்டது. தொடக்கத்தில் செயல்திறன் குறைவாக இருந்த கலங்கள் என்பதால் சதவீத உயர்வு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

2024இல் துருக்கியின் அப்துல்லா குல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, படலத்தையே அரைக்கோள ஓடுகளாக அமைத்தால் தட்டைப் படலத்தைவிட ஒளியின் ஒரு முனைவாக்கத்தில் 66 சதவீதமும் மற்றதில் 36 சதவீதமும் கூடுதலாக உறிஞ்சலாம் என்றது. சாய்ந்து வரும் ஒளிக்கும் இது இசைவானது. உடையில் அணியும் கருவிகளுக்கும் சாளரங்களுக்கும் ஏற்றதாகலாம் என்பது அதன் பரிந்துரை. இந்த எண்கள் கணிப்பொறி உருவகத்திலிருந்து வந்தவை; உறிஞ்சுதலைப் பற்றியவை. உறிஞ்சிய ஒளி மின்சாரமாக வெளியே வருமா என்பது அடுத்த கேள்வி. வளைந்த ஓட்டின் மேல் சில நானோமீட்டர் பிசகாமல் படலம் படிய வைப்பது அதற்கும் அடுத்தது.

இதே வரிசையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு கொஞ்சம் விலகி நிற்கிறது. மெல்லிய காலியம் ஆர்சனைடு தாளில் ஜப்பானியக் கிரிகாமி முறையில் கீறல்கள் போட்டு இழுத்தால், துண்டுகள் ஒருசேரச் சாய்ந்து சூரியனைப் பார்க்கும். நிலையான பலகையைவிட 36 சதவீதம் கூடுதல் என்று கணித்தார்கள்; வழக்கமான சுழல் தாங்கி தருவதாகச் சொல்லப்பட்ட 40 சதவீதத்துக்குப் பக்கத்தில். சேர்த்துக்கொண்ட கலப் பரப்பு ஏதுமில்லை என்பதால் இங்கே வகுத்தலில் ஏமாற்றமில்லை. மீதி இருப்பது, ஆயிரக்கணக்கான முறை இழுத்தும் தளர்த்தியும் ஆன பிறகு தாள் எப்படி இருக்கும் என்பது.

சத்தமில்லாமல் வென்றவை

யாரும் 'புதிய வடிவம்' என்று கொண்டாடாத மாற்றங்கள் சில, மேலே சொன்ன பலவற்றைவிட அதிக மின்சாரம் தந்திருக்கின்றன. படிகக் கட்டி உருளையானது. அதிலிருந்து வெட்டிய வட்ட வேஃபரைச் சதுரக் கட்டத்தில் வைத்தால் 21 சதவீத இடம் காலி. முதலில் மூலை மழுங்கிய சதுரம் வந்தது, பிறகு முழுச் சதுரம். அடுத்து, கலத்தை நடுவில் பாதியாக வெட்டினார்கள். 182 மில்லிமீட்டர் கலம் 13 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் தரும். பாதியானால் மின்னோட்டமும் பாதி, ஒரே கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி கால் பங்கு. பேனலின் திறன் இரண்டு மூன்று சதவீதம் கூடியது. இன்று புதிதாக வாங்கும் பேனலை உற்றுப் பார்த்தால் கலங்கள் நீள்சதுரமாகத் தெரிவது இதனால்தான்.

இரு பக்கமும் ஒளியைப் பிடிக்கும் இருபக்கக் கலங்களைச் சுவர்போல நிமிர்த்தி, கிழக்கும் மேற்கும் பார்க்க நடும் முறை இன்னொன்று. ஜெர்மனியில் வயல்களுக்கிடையே இப்படி வேலிகளாக நட்டிருக்கிறார்கள். நடுப்பகலில் குறைவு, காலையிலும் மாலையிலும் இரண்டு உச்சங்கள். தட்டைப் பலகையின் வடிவம் மாறவேயில்லை. அது நிற்கும் விதம்தான் மாறியது. நடுப்பகலில் சூரிய மின்சாரம் தேவைக்கு மிஞ்சி, மாலையில் தட்டுப்பாடாகும் மின்கட்டமைப்புகளில், வகுக்கும் எண் பரப்பிலிருந்து நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. முப்பரிமாண வடிவங்களின் காலை-மாலை ஆதாயத்துக்கு இனி மதிப்பு கூடலாம் என்றால், இந்த எளிய வேலியைத் தாண்டித்தான் அவை அந்த மதிப்பைக் கேட்க வேண்டும்.

முடியாத கேள்விகள்

இன்றுவரை கிடைத்த சான்றுகளை வைத்து, மைக்ரான் அளவில் தோலைச் செதுக்கும் வடிவங்கள் தம்மை நிரூபித்துவிட்டன என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அவற்றின் அடுத்த சோதனை, சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு ஒளியுறிஞ்சும் பொருளின் படலம் அமரும் இரட்டை அடுக்குக் கலங்களில் நடக்கிறது. 2018இல் லொசான் ஆய்வாளர்கள் பிரமிடுகளின் மேலேயே பெரோவ்ஸ்கைட்டைப் பூசி 25.2 சதவீதம் காட்டினார்கள். 2022இல் அதே வட்டாரத்திலிருந்து 31.25 சதவீதம் வந்தது. எந்த உயரப் பிரமிடு இரண்டு அடுக்குக்கும் ஒத்துவரும் என்பதில் கருத்து ஒருமுகப்படவில்லை. மீட்டர் அளவு வடிவங்கள் திறந்த வெளியில் தட்டையை வெல்வதற்கான சான்று வலுவாக இல்லை. குறுகிய அடிமனையில் அவற்றுக்கு நியாயம் உண்டு. நடுவிலுள்ள நானோகம்பிகளும் அரைக்கோளங்களும் இயற்பியலில் தேறியவை, உற்பத்தியில் தேறாதவை. தூசி, வெப்பம், 25 ஆண்டு உழைப்பு ஆகியவற்றில் வளைந்த பரப்புகளின் நீண்டகாலத் தரவு போதாது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள வறண்ட நிலத்தில் ஒரு மடிப்புக் கோபுரத்தை யார் எப்படித் துடைப்பார்கள் என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர வேண்டியது அளவுமுறை. பேனலின் வாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, 25 டிகிரி வெப்பநிலை, நேராக விழும் கதிர் என்ற நிபந்தனையில் எடுக்கப்படுகிறது. அது தட்டைக்காக எழுதப்பட்ட தேர்வு. இருபக்கக் கலங்களுக்கென ஓர் அளவு விவரக்குறிப்பைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2019இல் வெளியிட்டது. வளைந்த, முப்பரிமாண அமைப்புகளுக்கும் அதுபோல் எல்லோரும் ஏற்கும் ஒன்று நிலைபெற வேண்டும். அதுவரை 'இத்தனை மடங்கு' என்ற செய்தியைக் காணும் வாசகர் மூன்றைத் தேடிப் பார்க்கலாம்: எந்தப் பரப்பால் வகுத்தார்கள், கணிப்பா அளவீடா, ஒரு நண்பகலா ஓர் ஆண்டா. மூன்றுக்கும் விடை தராத எண்ணை வைத்து மாடிக்கோ வயலுக்கோ பேனல் வாங்க வேண்டாம்.